மாட்டுக் கொட்டகையைக் காட்டியவர்

அயர்லாந்துக் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊர் டூன்காராவில் சாலை முடிகிற இடத்தில் பார்ட்லி லவெலின் வீடு இருக்கிறது. அதற்கு அப்பால் ஆடு மேய்கிற மேடு, அதற்கும் அப்பால் கடல். முன்னோரைத் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களின் வாடகைக் கார் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். மேற்கொண்டு போக வழி கிடையாது.

மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை வருவார்கள். பாஸ்டன், கிளீவ்லாந்து, மெல்போர்ன் என்று எங்கிருந்தோ. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் ஒரு பெயர், ஒரு வருடம், சில சமயம் ஒரு கப்பலின் பெயர். அவ்வளவுதான். அந்தத் தாளை மழையில் நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். பார்ட்லி தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்.

“யாரைத் தேடுறீங்க?”

“கேரி குடும்பம். மைக்கேல் கேரி. 1883-ல கிளம்பினாராம்.”

“அட, கேரியா! வாங்க வாங்க. மழை வலுக்கறதுக்குள்ள மேட்டுக்குப் போயிடலாம்.”

அவருக்கு எந்த மைக்கேல் கேரியையும் தெரியாது. யாருக்கும் தெரியாது. பழைய பதிவேடுகள் டப்ளினில் எரிந்து போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் மாதா கோயில் ஏட்டில் பாதி ஈரத்தில் ஊறிப் போய்விட்டது. மீதிப் பாதியில் ஐந்தே ஐந்து குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் கடல் தாண்டி வந்தவர்களை வாசலில் நிறுத்தி “தெரியாது” என்று அனுப்புவது எங்கள் பக்கத்தில் நாயை ஏவி விடுவதற்குச் சமம். ஆகவே யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடையில் கேட்டால் கடைக்காரர் ஒரு வயலைக் காட்டுவார். மதுக்கடையில் கேட்டால் ஒரு கிணற்றைக் காட்டுவார்கள். பார்ட்லி ஒரு வீட்டைக் காட்டுவார். அதனால் அவருக்குத்தான் பெயர்.

மேட்டில் உண்மையான பாழ் வீடுகள் ஐந்தாறு உண்டு. எல்லாம் முழங்கால் உயரத்துக்கு இடிந்து, காஞ்சொறிச் செடி மூடிக் கிடக்கும். பார்த்து அழ அங்கே எதுவும் இல்லை. நான்கு சுவரும் மார்பளவு நிற்கிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. வாசல் இடைவெளி உண்டு, அதன் பக்கத்தில் சிவப்புப் பூப் பூக்கிற ஃப்யூஷியாப் புதர் உண்டு. அது 1956-ல் பார்ட்லியின் அப்பா இரண்டு மாடுகளுக்காகக் கட்டிய கொட்டகை. தகரக் கூரையை ஒரு புயல் கொண்டு போய்விட்டது.

அங்கேதான் எல்லோரையும் கூட்டிப் போவார். ஒரு மூலையைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, “இங்கதான் அடுப்பு இருந்தது” என்பார். அவர்கள் அழ ஆரம்பித்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். போகும்போது சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார்கள். “அது உங்க கல்லுதானே” என்பார். பணம் நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். இப்படி முப்பது வருடம் கல் போனதில் ஒரு பக்கச் சுவர் இறங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கடற்கரையிலிருந்து கல் சுமந்து கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பி வைப்பார்.

லாரி ஓட்டுகிற டோம் கேரி மதுக்கடையில் இதைச் சொல்லியே அவரைச் சீண்டுவார்.

“பார்ட்லி, உன் கொட்டகையில இதுவரைக்கும் எத்தனை குடும்பம் பொறந்திருக்கு?”

“நூறைத் தாண்டிடுச்சு.”

“ரெண்டு கட்டில் போட எடமில்லையேய்யா அதுல!”

“அந்தக் காலத்து ஜனங்க ஒடுங்கிப் படுத்தாங்க, டோம். உன்னை மாதிரி இல்ல.”

நாங்களும் சிரிப்போம். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. வந்தவர்கள் சந்தோஷமாகப் போனார்களே.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கவனமாக இருந்தார். வருகிறவர்கள் லவெல் குடும்பத்தைத் தேடினால் தன் பெயர் லவெல் என்று சொல்லமாட்டார். சொன்னால் உறவு கொண்டாடி வீட்டுக்குள் வந்துவிடுவார்கள், அப்பா யார் தாத்தா யார் என்று கேட்பார்கள், சாயம் வெளுத்துவிடும். அதனால் அவர்களிடம் மட்டும் தான் பேடன் என்பார். “லவெல்காரங்க இங்க யாரும் மிச்சமில்லைங்க” என்றும் சேர்த்துக்கொள்வார். மேட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேச்சை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அவர்கள் கேள்வி கேட்பார்களே.

ஊரில் பாதிப் பேர் லவெல்தான். ஆனால் பார்ட்லியின் வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். டெலியா என்று ஒரு தங்கை. 1968-ல் பதினெட்டு வயதில் கிளீவ்லாந்துக்குப் போனாள். நான்கு வருடம் எழுதினாள், பிறகு எழுதவில்லை என்பதுதான் ஊருக்குத் தெரியும். காரணம் போன ஜனவரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

என் அம்மா மேஜெல்லா ஊர்க் கடையில் தபால் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முந்தின அக்டோபரில் மரபணுப் பரிசோதனைப் பெட்டி இரண்டு வாங்கினார். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் உலகத்தில் எங்கெங்கே சொந்தம் இருக்கிறது என்று கணினியில் காட்டுவார்கள். ஒன்றைத் தானே செய்து பார்த்தார். மற்றொன்று கடையில் தராசுக்குப் பின்னால் கிடந்தது.

ஓய்வூதியம் வாங்க வந்த பார்ட்லி அதைப் பார்த்துவிட்டார்.

“இதனால என்ன தெரிஞ்சுது உனக்கு?”

“நாலாயிரம் சொந்தக்காரங்க வந்திருக்காங்க பார்ட்லி. ஒருத்தரையாவது வீட்டுக்குக் கூப்பிடலாம்னு தோணல.”

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை, நான் பின்னால் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார்.

1971 ஜனவரியில் அவர் அம்மா இறந்தார். டெலியாவால் வர முடியாது. அப்போது விமானத்துக்குக் காசு ஏது? வர முடியாதவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர் தள்ளிப்போட்டார். ஈஸ்டருக்கு டெலியாவிடமிருந்து பார்சல் வந்தது. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, நீல நிறம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாள் என்று பதில் எழுதினார்.

“அதுக்கப்புறம் நிறுத்த முடியல மேஜெல்லா. ஒவ்வொரு கடிதத்துலயும் அம்மா ஏதாவது சொன்ன மாதிரி எழுதினேன். முட்டி வலின்னு எழுதினேன். ஒரு தடவை நல்ல ஜோக்கு ஒண்ணுகூட எழுதினேன், அம்மா சொன்னதா.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒன்றரை வருஷம்.”

கிளீவ்லாந்தில் ஏதோ ஒரு நடன மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் டெலியாவிடம், “உங்க அம்மா போனதுக்கு வருத்தப்படுறேன்” என்று கை கொடுத்திருக்கிறார். அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. பார்ட்லி எழுதிய மூன்று கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. பிறகு அவள் வீடு மாறிவிட்டாள்.

“அவ இருந்தா ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார். “நான்தான் மறைச்சேன், தப்புதான்னு. அவ இல்லாட்டி அவ பெத்தது ஒண்ணாவது இருக்கும். அதுகிட்டயாவது.”

அம்மா உடனே பெட்டியைப் பிரித்துவிட்டார். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, புகைக்கக் கூடாது என்று உட்கார வைத்தார். அரை மணி கழித்துக் குப்பியைக் கொடுத்தால் பார்ட்லிக்கு வாய் காய்ந்து போயிருந்தது.

“எழுபத்தாறு வருஷமா கண்ட எடத்துல துப்பாதேன்னு சொன்னாங்க. இப்போ துப்புன்னா வருமா?”

“எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்கோங்க.”

“வேணாம். ஆட்டு வியாபாரியை நினைச்சுக்கறேன். அதுல சீக்கிரம் வரும்.”

கோடு வரை நிரப்பினார். பெட்டி அன்றைய தபால் வண்டியிலேயே போனது.

அதன் பிறகு அவர் தினமும் கடைக்கு வந்தார். பால் வேண்டும் என்பார், ஒரு தீப்பெட்டி வேண்டும் என்பார். வீட்டில் பதினான்கு தீப்பெட்டி சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. பூட்டிக் கிடந்த ஒரு அறையில் இருந்த பழைய சாமான்களை எடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. தூரத்துச் சொந்தம் மூவாயிரம் பேர். எல்லோருக்கும் மேலே தனியாக ஒரு பெயர்: லொரெய்ன் கோவாச், கிளீவ்லாந்து. நெருங்கிய உறவு, அநேகமாகச் சகோதரியின் மகள் என்று போட்டிருந்தது. பக்கத்தில் படம் இல்லை, சாம்பல் நிற வட்டம்தான் இருந்தது. பார்ட்லி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“லொரெய்ன்” என்றார். “எங்க வீட்டுல அப்படி ஒரு பேரு கிடையாது. நல்லாத்தான் இருக்கு.”

அம்மா அன்றே அவளுக்கு எழுதினார். பார்ட்லி சொல்லச் சொல்ல எழுதி, மூன்று முறை அழித்து, கடைசியில் நான்கே வரி. உன் அம்மாவின் அண்ணன் இங்கே இருக்கிறார், உடம்பு நன்றாக இருக்கிறது, உன்னோடு பேச ஆசைப்படுகிறார், வீட்டில் ஒரு அறை தயாராக இருக்கிறது.

ஏப்ரல் முழுக்கப் பதில் இல்லை. அம்மா மறுபடியும் எழுதினார். மே இரண்டாம் வாரம் பதில் வந்தது. எழுதியிருந்தது லொரெய்ன் இல்லை, அவள் மகன் டேரன். இருபத்தாறு வயது. நான் அந்தக் கடிதத்தை அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

“தாமதத்துக்கு மன்னிக்கவும். என் அம்மா லொரெய்ன் போன நவம்பரில், நாற்பத்தொன்பது வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார். பாட்டி டெலியா 2016-ல் இறந்தார். அம்மாவின் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறேன், இதையும் மாதக் கடைசியில் மூடிவிடுவேன். உங்கள் பரிசோதனையில் ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா 2014-ல் டூன்காராவுக்கு வந்து பாட்டி பிறந்த வீட்டையே நேரில் பார்த்தார். பேடன் என்கிற பெரியவர் ரொம்ப அன்பாகக் கூட்டிப்போய்க் காட்டினாராம். லவெல் குடும்பத்தில் அங்கே யாரும் மிச்சமில்லை என்று அவரே சொன்னாராம். அந்த வீட்டுக் கல் ஒன்றை அம்மா பத்து வருடம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சவப்பெட்டிக்குள் அதையும் வைத்து அடக்கம் செய்தோம். அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பாட்டிக்கு அப்போது பக்கவாதம் வந்து பேச்சு குழறியிருந்தது. இந்தப் படத்தைக் காட்டியபோது வெகு நேரம் பார்த்தார். ‘மாட்டுக் கொட்டகை’ என்றார். பிறகு விரலால் படத்தைத் தட்டித் தட்டி, ‘இன்னும் பொய்தான் சொல்றான்’ என்றார். மனம் தடுமாறிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அதற்குப் பிறகு அயர்லாந்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.”

ஒரு கையை நீட்டித் தானே எடுத்த அந்தப் படத்தில் நீல மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், மறு கையில் கல்லோடு, அழுது முடித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கொட்டகைச் சுவர், ஃப்யூஷியாப் புதர். அவள் பக்கத்தில் தொப்பியோடு பார்ட்லி.

அம்மா படத்தை மட்டும் தாளில் அச்செடுத்தார்.

மறுநாள் மதியம் நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். காரில் அம்மா என்னிடம், “கடிதத்துக் கடைசியில இருக்கறதை நான் படிக்கப் போறதில்லை” என்றார்.

“அம்மா, மறைச்சு மறைச்சுத்தானே இது இவ்வளவு தூரம்…”

“தெரியும். நீ வாயை மூடிட்டு வா.”

பார்ட்லி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தேநீர்க் கெண்டியைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். டெலியா இறந்ததை அம்மா சொன்னார். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அதை அவர் எதிர்பார்த்தே இருந்தார் என்று தோன்றியது. லொரெய்ன் இறந்ததைச் சொன்னதும், “அந்தப் பொண்ணுமா?” என்றார். “என்ன வயசு?”

“நாப்பத்தொம்பது” என்றார் அம்மா.

“வந்திருந்தாங்க பார்ட்லி. இங்க வந்திருந்தாங்க” என்று சொல்லி அம்மா படத்தை நீட்டினார். அதை மறைக்க வழியில்லை.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார்.

“எனக்கு இவளை நினைவு இருக்கு” என்றார். “புருஷன் கார்லயே உட்கார்ந்துக்கிட்டு ஹாரன் அடிச்சான். யாருன்னு கேட்டேன், லவெல்னு சொன்னா. அவ்வளவுதான் கேட்டேன். நான் பேடன்னு சொன்னேன். மேட்டுல, சுவர்கிட்ட நின்னு, ‘என் அம்மா எப்பவுமே…’ன்னு ஏதோ ஆரம்பிச்சா.”

“என்ன சொன்னாங்க?”

“சொல்ல விடலையே நான். ஃப்யூஷியாவைக் காட்டினேன். ‘இது உங்க முன்னோர் வச்ச செடி’ன்னு.” படத்தை மேசைமேல் வைத்தார். “டெலியா வச்சதுதான் அது. பத்து வயசுல. அது ஒண்ணுதான் அங்க நிஜம்.”

கல்லைச் சவப்பெட்டியில் வைத்ததை அம்மா மெதுவாகச் சொன்னார். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

“எந்தப் பக்கத்துச் சுவர்ல எடுத்தா?” என்று படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “இடது பக்கம். அது நான் கடற்கரையிலேருந்து கொண்டு வந்து அடுக்கினது மேஜெல்லா. எங்க கல்லுகூட இல்ல அது.”

பிறகு அவர் கேட்டார்.

“டெலியாவுக்கு இந்தப் படத்தைக் காட்டினாங்களா?”

“காட்டினாங்களாம்.”

“ஏதாவது சொன்னாளா?”

அம்மா கைப்பேசியில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டு, “சந்தோஷப்பட்டாங்களாம் பார்ட்லி. ரொம்ப நேரம் பார்த்துட்டு, அண்ணன் நல்லா இருக்கான்னு சொன்னாங்களாம்” என்றார்.

பார்ட்லி கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக இதையே செய்தவர் அவர். எந்த இடத்தில் குரல் தாழும், எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

“அப்படியா?” என்றார். “நல்லது மேஜெல்லா. அவ அப்படிச் சொல்ற ஆளுதான்.”

எழுந்து போய் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். ஹாம் வைத்த ரொட்டி வெட்டிக் கொடுத்தார். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். நாங்கள் சாப்பிட்டோம். வரும் வழியில் அம்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார்.

டேரனுக்கு அம்மா எல்லாவற்றையும் விளக்கி நீளமாக எழுதினார். பேடன் என்கிற பெரியவர் உண்மையில் யார் என்பதையும் எழுதினார். பதில் வரவில்லை. மே முப்பத்தொன்றாம் தேதி லொரெய்ன் கோவாச் என்ற பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. இப்போது பார்ட்லியின் பட்டியலில் முதலில் நிற்பது நான்காம் தலைமுறைச் சொந்தம் ஒருவர், கனடாவில். அவருக்கும் அம்மா எழுதினார். அதற்கும் பதில் இல்லை. அறையிலிருந்த புது மெத்தை டோம் கேரியின் மகன் வீட்டுக்குப் போய்விட்டது.

ஜூலையில் ஒரு நாள் நான் அவருக்குச் சாமான் கொண்டு போயிருந்தபோது ஒரு கார் வந்தது. மெல்போர்னிலிருந்து ஒரு அம்மாள், பேடன் குடும்பத்தைத் தேடி வந்திருந்தார். பார்ட்லி தொப்பியில்லாமல் வாசலுக்குப் போனார். மேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. உங்க அம்மா பேரு என்ன, அவங்க அம்மா பேரு என்ன, வீட்டுல இந்த ஊரைப் பத்தி என்ன சொல்வாங்க, யாரையாவது பேர் சொல்லித் திட்டுவாங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மழை பிடித்துக்கொண்டது. அவர் நகரவில்லை. அந்த அம்மாள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியாதும்மா” என்றார். “இங்க யாருக்கும் தெரியாது.”

அந்த அம்மாள் பிளாஸ்டிக் உறையை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கல் எதுவும் கேட்கவில்லை.

மதுக்கடையில் டோம் கேட்டார்: “என்னய்யா, கொட்டகையை இழுத்து மூடிட்டியாமே?” பார்ட்லி கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு டோம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவர் கல் சுமக்கவில்லை. தன்னைத் தேடி இனி வருவதற்கு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கார் வந்து நின்றால் வெளியே வருகிறார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், “நான் பார்ட்லி லவெல்” என்று சொல்லிவிட்டு, வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். அந்தப் பெயரை அவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.